நாய் குரைத்தது என்கிறார்கள்

பெரியவர். அவர் சம்சாரம். பட்டாளத்திலிருந்து திரும்பிய தம்பி. தம்பி சம்சாரம். பிள்ளை பெற்று ஐந்து மாதமாகியும் தாய்வீட்டில் இருந்த மகள். அந்த மகளின் கைப்பிள்ளை. கடைக்குட்டி மகன் பாபு. ஏழு பேர். ஒரு நாய்.

பலகையில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. வத்திராயிருப்பு தாண்டிப் பிளவக்கல் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற ரிசார்ட் ஆகிவிட்டது. அதன் வாசலில் அந்தப் பலகை. பக்கத்தில் சிமெண்டில் ஒரு வெள்ளை நாய், காதை விடைத்துக்கொண்டு நிற்கிறது. புயலன்று இந்த நாய் குரைத்து எழுப்பியதால்தான் எங்கள் குடும்பம் பிழைத்தது என்று எழுதி, கீழே நாயின் பெயரும் போட்டிருக்கிறது.

என் மகள் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கடைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறார்கள். "அம்மா, நீ சின்னதுல இருந்த தோப்பு இதுதான?" என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று போட்டேன். அதற்கு மேல் போட எனக்கு வரவில்லை.

இப்போது போடுகிறேன்.

அந்தப் புயலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நாய் வாடை. நனைந்த சாக்கும் நாய் மயிரும் சேர்ந்த வாடை. காற்றும் மழையும் இடியும் அதற்குப் பிறகுதான்.

தோப்பு ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்றுடையது. அவர்களுக்கு ஊரில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை இருந்தது. ஆண்டுதோறும் தீபாவளி முடிந்த மறுநாள் இரண்டு காரில் தோப்புக்கு வருவார்கள். ஒரு வாரம் இருப்பார்கள். ஓடையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், கறி சமைத்துச் சாப்பிடுவதும், சாப்பிட்டபின் சீட்டு விளையாடுவதும், விளையாடி அலுத்தபின் முன்கட்டில் பாய் விரித்து வரிசையாக உறங்குவதுமாக அந்த ஒரு வாரம் போகும். பெரியவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் என்பார்கள். "தோப்புக்குப் போறோம்" என்று அவர்கள் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கும். "அவிய வாராவ" என்று எங்கள் வீட்டில் சொல்வதில் வேலை இருக்கும்.

எங்கள் வீடு என்பது தோப்பின் மேல்கோடியில், ஓடைக்கரையில் ஒரு குடிசை. அப்பா மாடசாமி தோப்புக் காவல். அம்மா சுப்புத்தாய் தோப்பு வீட்டைக் கூட்டி மெழுகி வைத்திருப்பாள். நான் ராக்கு, அப்போது பதினொன்று நடக்கிறது. தம்பி அழகு, ஐந்து வயது.

வீட்டுச் சாவி வருடம் பூராவும் அம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். அது "பொறவாசல்" சாவி. முன்கதவுக்கு வெளிப்பூட்டு கிடையாது, உள்தாழ்ப்பாள் மட்டும்தான். அம்மா பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்து, அடுப்படி வழியாக உள்ளே வந்து, முன்கதவை உள்ளிருந்து திறந்து, வாசற்படி வரைக்கும் கூட்டுவாள். கூட்டி முடித்ததும் அதே கதவை உள்ளிருந்து சாத்திவிட்டு, வந்த வழியே பின்பக்கமாக வெளியேறி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து முற்றத்தைக் கூட்டுவாள். முன்படியில் இறங்கினால் நாலு எட்டில் முற்றம். அவள் இறங்க மாட்டாள். அப்படி இறங்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளே இல்லாத வீட்டில்கூட அவள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

இதைத்தான் முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ராஜபாளையம் நாய். சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. பெரியவரின் தம்பி பட்டாளத்தார் வாங்கி வந்தது. பெயர் மேஜர். "சர்வீஸ் பூராவும் மேஜருக்குச் சல்யூட் அடிச்சுக் கை தேஞ்சு போச்சு. இனி மேஜரு நமக்கு வாலாட்டட்டும்" என்று சொல்லி அவரே சிரிப்பார். நல்ல உயரம். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அதற்குக் காது கேட்காது. அந்தச் சாதியில் வெள்ளை வெளேர் என்று பிறக்கிற குட்டி சிலது செவிடாகத்தான் இருக்கும், ராஜபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தீபாவளிக்கு முன்னாலேயே தோப்பில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள், சோறு வைப்பது நாங்கள்தான். தட்டை எவ்வளவு தட்டினாலும் திரும்பாது. அழகு அதன் பின்னால் போய்த் தரையில் ஓங்கி மிதிப்பான். மிதித்த அதிர்வில்தான் திரும்பும். பட்டாளத்தாருக்கும் இது தெரியும். யாராவது கேட்டால், "அதுக்கு எல்லாம் கேக்கும். நீ சொன்னா அது ஏம்லே கேக்கணும்?" என்பார்.

அந்த வருடம் அவர்கள் வந்த மூன்றாம் நாள் ரேடியோவில் புயல் என்றார்கள். தூத்துக்குடிப் பக்கம் கரையேறும் என்றார்கள். காலையிலிருந்தே தூறல். மலை முழுக்கக் கருத்து, இருக்கிற இடம் தெரியவில்லை. பெரியவர் கிளம்பிவிடலாமா என்று தம்பியைக் கேட்டார். நான் முற்றத்தில் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தார் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"புயலுங்கது கடக்கரைக்காரனுக்கு. நமக்கு முன்னால எம்புட்டு ஊரு கெடக்கு, பின்னால மலை கெடக்கு. வந்தாலும் மலைல முட்டி மூக்கு ஒடைஞ்சுதான் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மலை இருக்கிறது, மலை தடுக்கும். காற்றை அது தடுக்கலாம். காற்று கொண்டுவருகிற தண்ணீர் முழுவதையும் மலை வாங்கி எங்கள் தலையில் ஊற்றும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அப்பாவை அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெயும் கைப்பிள்ளைக்குப் பால் பவுடரும் வாங்கி வரச் சொல்லி வத்திராயிருப்புக்கு அனுப்பினார்கள். சைக்கிளில் போனார். ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு இரண்டு நாள் அவரால் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

மதியத்துக்கு முன்னாலேயே குடிசை ஒழுக ஆரம்பித்துவிட்டது. பாய், துணி எல்லாம் நனைந்தது. அழகுக்கு வேறு காய்ச்சல். அம்மா கறிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பெரியம்மாவிடம், அதாவது பெரியவர் சம்சாரத்திடம், போய் நின்றாள். நானும் பின்னால் நின்றேன்.

"அம்மா, குடிசை ஒழுகுது. பிள்ளைகள மட்டும் அடுப்படி ஓரமா செத்த நேரம் படுக்கப் போடட்டா?"

பெரியம்மா யோசிக்கக்கூட இல்லை. "அதுக்கென்ன, கொட்டத்துல படுக்கப் போடேன். மாடு நிக்கி, கதகதன்னு இருக்கும்" என்றார்.

"கொட்டம்" என்பது மாட்டுத் தொழுவம். முற்றத்தின் ஓரத்தில், முன்வாசலுக்கு நேரே இருந்தது. அம்மா சரிம்மா என்றாள்.

அதே நேரத்தில் பட்டாளத்தார் குடை பிடித்துக்கொண்டு கொட்டத்துக்குப் போய் மேஜரை அவிழ்த்து வந்தார். "சாரல் அடிக்கி. சளி புடிச்சுரும்" என்றார். நாயை முன்படி வழியாக ஏற்றி, துண்டால் துவட்டி, முன்கட்டில் கதவோரமாகப் படுக்க வைத்தார். அது படுத்திருந்த சாக்கு கொட்டத்தில் காலியாகக் கிடந்தது. அதில்தான் நானும் அழகும் படுத்தோம். சாக்கு இன்னும் சூடாக இருந்தது.

பெரியம்மா கெட்டவர் இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுத்து வருவார். என் தலையில் பேன் பார்த்திருக்கிறார், பொறவாசலில் உட்கார்ந்து. மகளுக்கு வாங்கிய ரிப்பனில் எனக்கும் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது. கெட்டவர்கள் செய்தால் செய்துவிட்டுப் போகிறார்கள் என்று இருந்துவிடலாம். ஒரு நல்ல பெண், காய்ச்சல் பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, நாயை உள்ளே விட்டுப் பிள்ளையை வெளியே படுக்கச் சொன்னார். தான் சொன்னதில் ஏதாவது இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும் அன்று தோன்றவில்லை. அதுதான் மோசம்.

சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் கதவு சன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். பின்கதவையும் காற்றுக்காகத் தாழ் போட்டார்கள். அம்மா பாத்திரம் கழுவி வைத்துவிட்டு எங்களோடு கொட்டத்துக்கு வந்துவிட்டாள். பகல்தான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிக் கிடந்தது. தென்னை மட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. கிணற்றடி மாமரம் ஒன்று வேரோடு சாய்ந்ததை நான் பார்த்தேன். சத்தமே தெரியவில்லை, காற்றுச் சத்தத்தில் அது கரைந்துபோனது. மாடுகள் கயிற்றை இழுத்தன.

பிறகு வேறொரு சத்தம் வந்தது. ஓடையில் பாறைகள் உருளுகிற சத்தம். பல் கடிப்பது மாதிரி இருக்கும். அம்மா எழுந்து வெளியே பார்த்தாள். எங்கள் குடிசை இருந்த பக்கத்தில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு தோப்புக்குள் திரும்பியிருந்தது. குடிசைக் கூரை அப்படியே மிதந்து வந்து ஒரு மரத்தில் இடித்து நின்றது.  அம்மா மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டாள். எங்கள் இரண்டு பேரையும் தூக்கிக் கொட்டத்தின் வைக்கோல் பரணில் ஏற்றினாள்.

"எறங்குனா கால ஒடிச்சுருவேன். தம்பியப் புடிச்சுக்கோ" என்றாள். முற்றத்தில் இறங்கி ஓடினாள்.

பரணிலிருந்து முற்றம் முழுவதும் தெரியும். அம்மா நேரே முன்வாசலுக்கு ஓடினாள். முதல் படியில் வலது காலை வைத்தாள். நின்றாள். காலை எடுத்தாள். அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு, கிணற்றடி வழியாக, பின்பக்கம் ஓடினாள்.

தண்ணீர் வந்ததே பின்பக்கமிருந்துதான். மலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவள் தண்ணீருக்கு எதிராக ஓடினாள். முற்றத்தில் அப்போது கணுக்கால் அளவுகூட இல்லை.

 

பின்னால் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். கதவைக் கையால் தட்டியிருக்கிறாள், திறக்கவில்லை. கூப்பிட்டிருக்கிறாள், கேட்கவில்லை. கிணற்றடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக் காம்பால் இடித்திருக்கிறாள். அப்போதுதான் பின்கதவை ஒட்டியிருந்த மண் சுற்றுச்சுவர் தண்ணீரில் ஊறி அவள் மேல் சரிந்தது. இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டாள். விழுந்த இடத்திலிருந்தே கதவின் அடிப்பாகத்தை இடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது பாபு. என்னைவிட ஒரு வயது மூத்தவன். உறக்கம் வராமல் அடுப்படியில் முறுக்கு டப்பாவைத் தேடி வந்திருக்கிறான். சத்தம் கேட்டுத் திறந்தான். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அம்மா கீழே கிடந்தாள்.

"தண்ணி வருது, எல்லாத்தையும் எழுப்புங்க, மச்சுல ஏறுங்க." இது அம்மா முதலில் சொன்னது. "கொட்டத்துல எம் பிள்ளைக கெடக்கு." இது இரண்டாவது சொன்னது. இந்த வரிசையை அவள் எந்தக் காலத்திலும் மாற்றிச் சொன்னதில்லை. ஏம்மா எங்களை ரெண்டாவதாச் சொன்ன என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதுமில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பட்டாளத்தார்தான் சுவர் மண்ணைத் தள்ளி அம்மாவை இழுத்தார். அவர்தான் முன்கதவைத் திறந்து, இடுப்பளவு தண்ணீரில் கொட்டத்துக்கு வந்து, அழகைத் தோளிலும் என்னைக் கக்கத்திலும் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு நான் அதற்குக் கடமைப்பட்டவள். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுக்குள் முன்படி வழியாகப் போனேன். படி தண்ணீருக்கடியில் இருந்தது.

முன்கட்டில் கைப்பிள்ளையின் தொட்டில் தொங்கிய இடத்தில் தண்ணீர் தொட்டிலின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையை எடுத்துவிட்டார்கள். மாம்பழம் பழுக்கப் போடுகிற "மச்சு" ஒன்று மேலே உண்டு, மரப்படி வழியாக எல்லாரும் அதில் ஏறினோம். நாயை மறந்துவிட்டார்கள். அது கதவோரத்தில் கால் நீட்டிப் படுத்திருந்ததாம். தண்ணீர் வயிற்றைத் தொட்ட பிறகுதான் பதறி எழுந்து பெஞ்சியில் ஏறியிருக்கிறது. பட்டாளத்தார் அதையும் தூக்கி வந்தார். மேலே வந்து, கீழே சுழன்று போகிற தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு குரைத்தது. பொழுது சாயும் வரை குரைத்தது. நாய் குரைத்தது பொய்யில்லை. குரைத்தது எப்போது என்பதுதான் பொய்.

மச்சில் எல்லாரும் காய்ந்த வைக்கோலில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா தன் சேலையைக் கிழித்து அம்மாவின் காலைக் கட்டினார். அழுதுகொண்டே கட்டினார். "சுப்புத்தாயி, நீ இல்லேன்னா இன்னைக்கு நாங்க பூராவும் போயிருப்போம்" என்றார். பெரியவர் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாபு, "நாந்தான் தொறந்தேன், நாந்தான் முதல்ல பாத்தேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து தப்பித்து வந்த ஒரு சட்டிச் சோற்றை எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். யார் கை பட்டது, யார் வாய் பட்டது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி மட்டும் அந்த வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தோம்.

தண்ணீர் வடிந்து, அப்பா வந்து, அம்மாவை மாட்டு வண்டியில் வத்திராயிருப்புக்கும் அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கொண்டுபோனோம். வலது கால். எலும்பு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. அதன் பிறகு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். குனிந்து கூட்ட முடியாது, குடம் தூக்க முடியாது. வீட்டைக் கூட்ட ஆள் வேண்டும். ஆறாம் வகுப்பை முடிக்காமல் நான் வாரியலை எடுத்தேன். பொறவாசல் சாவி என் இடுப்புக்கு வந்தது.

மறு தீபாவளிக்கு அவர்கள் வந்தார்கள். வீட்டைச் சரி செய்திருந்தார்கள். சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார்கள், புயல் வந்த இடத்தைப் பார்க்க. நான் தண்ணீர் சொம்போடு நிற்கிறேன். பெரியம்மா சொன்னார்: சுப்புத்தாயி வந்து கதவ இடிச்சா, மேஜரும் கொலைச்சுது, முழிச்சுக்கிட்டோம்.

நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. நாயும்தான் குரைத்தது, சொல்லட்டும் என்று இருந்தேன்.

அதற்கடுத்த தீபாவளி. மகளின் மாமியார் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மேஜர் கொலைச்சு எழுப்புச்சு, அந்நேரம் சுப்புத்தாயும் ஓடி வந்தா.

அதற்கும் அடுத்த தீபாவளி. மேஜர் கொலைச்சு எழுப்புச்சு.

அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதும் எனக்குத் தெரியும். சுப்புத்தாய் வெளியேயிருந்து வந்து தட்டினாள் என்று சொன்னால், கேட்கிறவர்களில் யாராவது ஒருவர், அந்தப் புயலில் அவள் ஏன் வெளியே இருந்தாள் என்று கேட்பார். பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்பார். நாயைப் பற்றி யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். நாய் உள்ளேதான் இருந்தது.

அந்த மூன்றாம் தீபாவளியில் வந்தவர்களில் ஒரு பெண், அம்மா காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார். பெரியம்மா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். "அவளா, எங்கயோ விழுந்துட்டா" என்றார். அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நான் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். "ஏட்டி, மெதுவா வையி" என்றார் பெரியம்மா.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மாவிடம் சண்டை போட்டேன். ஏன் தலையை ஆட்டினாய் என்று கேட்டேன். சோறு போடுகிற வீடு என்றாள். நான் விடவில்லை. ஒரு மரத்தடியில் நின்று, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"தட்டுனவளுக்குத் தெரியும், தொறந்தவனுக்குத் தெரியும். பெறவு யாருக்குட்டி தெரியணும்?"

"முன்வாசல்ல ஏன் தட்டல?" என்று கேட்டேன். மூன்று வருடமாக வயிற்றில் கிடந்த கேள்வி.

"முன்வாசல்ல தட்டுனா யாரோன்னு பயந்துருவாவ. பொறவாசல்ல தட்டுனாத்தான் நான்னு தெரியும்."

அவள் அதை நம்பினாள். அதை நம்பியதற்காக எனக்கு அவள் மேலும் கோபம் உண்டு. அது பாவம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா பதினைந்து வருடத்துக்கு முன்னால் இறந்தாள். அப்பா அதற்கும் முன்னால். பெரியவர், பெரியம்மா, பட்டாளத்தார் எல்லாரும் போய்விட்டார்கள். அழகு திருப்பூரில் இருக்கிறான், அவனுக்கு அந்தச் சாக்கின் சூடு மட்டும்தான் நினைவிருக்கிறது. நான் கல்யாணம் செய்து ராஜபாளையம் வந்து, பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நின்று காலத்தை ஓட்டினேன். தோப்பை நினைக்காமல்தான் இருந்தேன். அந்தப் படம் போனில் வந்திருக்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மகளிடம் சொல்லவில்லை.

கொட்டம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். குடிசை இருந்த இடத்தில் நீச்சல் குளம். ஓடையைக் கல் கட்டி ஒதுக்கிவிட்டார்கள், எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டியிருந்தது. வீடு மட்டும் இருக்கிறது, வெள்ளையடித்து. பின்னால் போய்ப் பார்த்தேன். புதுக் கதவு. அதில் ‘பணியாளர் வழி’ என்று எழுதியிருந்தது. ஒரு வடக்கத்திப் பிள்ளை எச்சில் தட்டுகளைச் சுமந்துகொண்டு அந்த வழியாக உள்ளே போனது.

நான் முன்பக்கம் வந்தேன். படியில் கால் வைத்தேன். ஏறினேன்.

முன்கட்டில் மேசை போட்டிருந்தார்கள். பாபு நடுவில் நின்று, சாப்பிடுகிறவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தலை நரைத்து, தொப்பை விழுந்து, பெரியவர் மாதிரியே இருந்தார். காற்று எப்படி அடித்தது என்று சொன்னார். எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தது சொன்னார். இந்தக் கதவோரத்தில்தான் மேஜர் படுத்திருந்தான், தண்ணீர் வருகிற சத்தம் மனுசக் காதுக்குக் கேட்பதற்கு முன்னால் அவனுக்குக் கேட்டுவிட்டது என்றார். ஒரு சின்னப் பிள்ளை கை தட்டியது.

"ஏழு பேரு, ஒரு நாயி. எல்லாரும் அந்த மச்சுலதான் இருந்தோம்" என்று மேலே கையைக் காட்டினார்.

"மேஜருக்குக் காது கேக்காது" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். பாபு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. உண்மையாகத்தான் மலர்ந்தது. "ஏ, ராக்குல்லா? எம்புட்டு நாளாச்சு. வா, வா" என்றார். சாப்பிடுகிறவர்களிடம், நம்ம தோப்புல வேலை பாத்த பிள்ளை என்று அறிமுகம் செய்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

நான் உட்காரவில்லை. "கதவ யாரு தொறந்தா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "விடு ராக்கு. வாரவங்களுக்கு ஒரு கதை வேண்டியிருக்கு. நாயின்னா பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார்.

"தொறந்தா கீழ யாரு கெடந்தா?"

 அவருக்குத் தெரியும். அம்மா சொன்னது சரிதான், திறந்தவனுக்குத் தெரியும். நாற்பது வருடமாக அவருக்குத் தெரியும். மறந்துபோய் அப்படிச் சொல்கிறார் என்றால் நான் திரும்பிப் போயிருப்பேன். அந்த முகத்தில் மறதி இல்லை.

"அம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டார்.

"செத்துப் போச்சு" என்றேன். "மச்சுல எத்தன பேரு இருந்தோம், எண்ணுங்க."

"ராக்கு."

"விரல மடக்கி எண்ணுங்கய்யா. நான் நிக்கேன்."

மேசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்னப் பிள்ளை ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவர் கையையே பார்த்தது. பாபு கையை மேலே கொண்டுவந்தார். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அக்கா என்று வாய் முணுமுணுத்தது. ஒரு கை முடிந்தது. அடுத்த கையில் அக்கா பிள்ளையையும் தன்னையும் மடக்கினார். மூன்று விரல் நீட்டியபடி நின்றது. அதை மடக்கவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை.

காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை. வந்த வழியே முன்படியில் இறங்கி, அந்தச் சிமெண்ட் நாயைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

பலகையில் இருப்பது தப்பு என்று மட்டும் பிறகு மகளிடம் சொன்னேன். மாற்றுவார்களா என்று கேட்டாள். தெரியவில்லை. அவர் மாற்றாவிட்டால் இங்கே இருக்கட்டும். பெரியவர், பெரியம்மா, பட்டாளத்தார், அவர் சம்சாரம், அக்கா, அக்காவின் கைப்பிள்ளை, பாபு, சுப்புத்தாய், அழகு, ராக்கு.

பத்துப் பேர்.